அறிமுகமற்றவர் தட்டும் கதவுக்கு விலை வைக்கலாமா?

நமக்கு முன்பின் தெரியாத ஒருவர் நம் மின்னஞ்சலுக்கோ கைப்பேசிக்கோ செய்தி அனுப்ப விரும்பினால், அவர் முதலில் ஒரு சிறு தொகையைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்று விதித்துவிட்டால் என்ன? வேண்டாத செய்திகளால் சலிப்படைந்த பலரும் இவ்வாறு கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருச்சி பாலக்கரையில் வாழும் நம் குடும்பங்களானாலும், காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் ஓய்வூதியத்தைக் கொண்டு வாழும் முதியவரானாலும், இத்தொல்லையில் எந்த வேறுபாடும் இல்லை. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள் முழுதும் செய்திகள் வந்து குவிகின்றன. அவற்றுக்கிடையே, வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது, உடனே இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று அச்சுறுத்தும் பொய்ச் செய்தியும் வருகிறது. அதை நம்பி வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கின்றனர்.

ஆகவே கட்டணம் என்னும் யோசனையை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுவதற்கில்லை. விளம்பரம் செய்து இலாபம் ஈட்டும் நிறுவனம் அதற்குரிய செலவைத் தானே ஏற்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அறிமுகமற்ற ஒவ்வொருவரையும் பணம் கட்டச் சொல்வது வேறு. பிறர் வாசலில் நிற்பவனுக்கு நம் மார்க்கம் வகுத்திருக்கும் முறை, அனுமதி கேட்பதாகும். அனுமதிக்குப் பதிலாகப் பணத்தை வைத்தால், தடுக்கப்பட வேண்டியவன் உள்ளே வந்துவிடுவான். வரவேற்கப்பட வேண்டியவன் வெளியே நின்றுவிடுவான். இதுவே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது.

செலவு யாருடையது?

தபாலின் வரலாறு இதில் நமக்கு ஒரு பாடம். 1840-க்கு முன் பிரிட்டனில் கடிதத்துக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். ரோலண்ட் ஹில் என்பவரின் சீர்திருத்தத்தால் அந்த ஆண்டு ஒரு பென்னி தபால்தலை வந்தது, செலவு அனுப்புபவருடையதாயிற்று. இந்தியாவில் 1854-இல் நாடு முழுவதற்குமான தபால்தலை வந்தபோது, கால் தோலா எடைக்குட்பட்ட கடிதம் எவ்வளவு தொலைவு சென்றாலும் அரை அணா என்று விதிக்கப்பட்டது. தலை ஒட்டாமல் வரும் கடிதத்தை நம் முன்னோர் 'பேரிங் தபால்' என்றனர். அதற்குப் பெறுபவர் இருமடங்கு கட்டணம் கொடுக்க வேண்டும். விருப்பமில்லையேல் வாங்க மறுத்துத் தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

மின்னஞ்சல் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டது. அனுப்புபவருக்கு ஒரு செய்தியும் ஒன்றுதான், ஓர் இலட்சமும் ஒன்றுதான். படிப்பதற்கும் அழிப்பதற்கும் செலவாகும் நேரமோ பெறுபவருடையது. இன்றைய குப்பை அஞ்சல்கள் யாவும் ஒரு வகையில் பேரிங் தபால்களே. திருப்பி அனுப்ப மட்டும் வழியில்லை. 1978 மே மாதத்தில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இவ்வகையில் அதுவே முதலாவது என்று சொல்லப்படுகிறது. செலவின்றிக் கிடைத்த அந்த வழியை அதன்பின் யாரும் விடவில்லை.

கட்டணம் வைத்துப் பார்த்தவர்கள்

இந்த அநியாயத்தைச் சரிசெய்யும் யோசனைகளும் பழையவையே. 1992-இல் சிந்தியா ட்வொர்க், மோனி நவோர் என்னும் கணினி அறிஞர் இருவர், ஒவ்வோர் அஞ்சலுக்கும் அனுப்புபவரின் கணினி ஒரு கடினமான கணக்கைச் செய்து முடிக்க வேண்டும் என்றனர். பணத்துக்குப் பதிலாகக் கணினியின் உழைப்பே அங்குக் கட்டணம். 1997-இல் ஆடம் பேக் என்பவர் இதே போன்ற ஒரு முறையை 'ஹாஷ்கேஷ்' என்ற பெயரில் செய்து காட்டினார். 2004 ஜனவரியில் பில் கேட்ஸ், குப்பை அஞ்சல் இரண்டே ஆண்டுகளில் ஒழிந்துவிடும் என்றார். அவர் குறிப்பிட்ட வழிகளுள் ஒன்று, அறிமுகமற்றவர் ஒரு தொகையைப் பணயமாக வைப்பது. பெறுபவர் அஞ்சலை விரும்பினால் அத்தொகையை வாங்காமல் விட்டுவிடலாம். இரண்டு ஆண்டுகள் கடந்து இருபது ஆண்டுகளும் ஓடிவிட்டன. குப்பை அஞ்சல் ஒழியவில்லை.

2006-இல் ஏஓஎல், யாஹூ ஆகிய நிறுவனங்கள் 'குட்மெயில்' என்ற நிறுவனத்துடன் சேர்ந்து, மொத்தமாக அஞ்சல் அனுப்புவோர் கட்டணம் செலுத்தினால் அவ்வஞ்சல் வடிகட்டியில் சிக்காமல் நேரே போய்ச் சேரும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. உடனே எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களில் தொண்டு நிறுவனங்கள் முன்னின்றன. காசுள்ளவனின் அஞ்சலுக்கு ஒரு வாசல், இல்லாதவனின் அஞ்சலுக்கு வேறொரு வாசலா என்று அவை கேட்டன. 2011-இல் குட்மெயில் மூடப்பட்டது. 2012 இறுதியில் ஃபேஸ்புக், அறிமுகமற்றவருக்குச் செய்தி அனுப்ப ஒரு டாலர் வாங்கிச் சோதித்தது. புகழ்பெற்ற சிலருக்கு எழுத நூறு டாலர் வரை கேட்டது. அதுவும் நிலைக்கவில்லை.

நம் நாட்டிலும் இது நடந்தது. நாம் பலரும் மறந்துவிட்டோம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2007-இல் விளம்பர அழைப்பு வேண்டாதோருக்கான பதிவேட்டைத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் ஓர் எண்ணிலிருந்து நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகளே அனுப்பலாம் என்று வரம்பு கட்டி, பின்னர் அதை 200 ஆக்கியது. தனிமனிதர்களின் சாதாரணக் குறுஞ்செய்திகளுக்கு அவ்வரம்பு பொருந்தாது என்று 2012 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அதே ஆண்டு நவம்பரில், நாளின் 101-ஆவது குறுஞ்செய்தியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா என்று கட்டணம் விதிக்கப்பட்டது. 2020 ஜூனில் அதுவும் நீக்கப்பட்டது. தொல்லையைத் தடுக்க 2018-இன் புதிய விதிகளும் தொழில்நுட்பமும் இருப்பதால் அக்கட்டணம் தேவையில்லை என்று ஆணையம் கருதியது.

கட்டணம் ஏன் வெல்லவில்லை? காரணங்கள் இரண்டு. முதலாவது, ஏமாற்றுபவன் தன் பணத்தைச் செலவிடுவதில்லை. பிறருடைய கணினிகளைத் திருட்டுத்தனமாகக் கைப்பற்றி, அவற்றின் வழியே அஞ்சல்களை அனுப்புகிறான். கட்டணம் வந்தால் அது அப்பாவியின் தலையில் விழும். இரண்டாவது, தன் பணத்தையே செலவிட்டாலும் அவனுக்கு நட்டமில்லை. ஒரு செய்திக்கு 50 பைசா என்று வைத்துக்கொள்வோம். ஓர் இலட்சம் பேருக்கு அனுப்ப 50,000 ரூபாய் ஆகும். அவர்களுள் ஒரே ஒருவர் ஏமாந்து இரண்டு இலட்சம் ரூபாயை இழந்தாலும், போட்டதைப்போல் நான்கு மடங்கு அவன் கைக்கு வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வணிக நிறுவனங்கள் விளம்பரச் செய்திகளைக் கட்டணம் செலுத்தியே அனுப்புகின்றன. அதனால் நமக்கு வரும் விளம்பரம் நின்றுவிட்டதா? கட்டணம் அனுப்புபவனின் பண வலிமையை மட்டுமே சோதிக்கிறது. அவன் நோக்கத்தைச் சோதிக்க அதற்கு வழியில்லை.

திருக்குர்ஆன் காட்டும் ஒரு முன்மாதிரி

பேசுவதற்கு முன் பணம் கொடு என்ற விதி நம் வரலாற்றில் ஒருமுறை இருந்தது என்பதை அறிந்தால் பலர் வியப்படையக்கூடும். நபி (ஸல்) அவர்களிடம் தனியே பேச விரும்புவோர் பெருகினர்; அண்ணலாரின் நேரத்துக்கு அது பெரும் சுமையாயிற்று. அப்போது அல்முஜாதலா அத்தியாயத்தின் 12-ஆவது வசனம் அருளப்பட்டது. தூதருடன் தனித்து உரையாட விழைவோர் அதற்கு முன் ஒரு தர்மத்தைச் செய்ய வேண்டும் என்பது அதன் கட்டளை. அலீ (ரலி) அவர்கள் தம்மிடமிருந்த ஒரு தீனாரைப் பத்து திர்ஹங்களாக மாற்றித் தர்மம் செய்து இக்கட்டளையை நிறைவேற்றினார்கள் என்று தஃப்ஸீர் நூல்கள் பதிவு செய்கின்றன. அடுத்த வசனத்திலேயே அக்கட்டளை தளர்த்தப்பட்டது. தொழுகையையும் ஸகாத்தையும் கடைப்பிடித்து, அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் கட்டுப்பட்டு நடப்பது போதுமெனச் சொல்லப்பட்டது.

இவ்விரு வசனங்களிலும் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று உள்ளன. அந்தப் பணம் நபி (ஸல்) அவர்களின் கைக்குப் போகவில்லை, ஏழைகளிடம் போனது. வாயிற்காவலனை அது செல்வனாக்கவில்லை. வசதியற்றவருக்கு அதே வசனத்திலேயே விலக்கு இருந்தது. கொடுக்க ஏதுமில்லாதவன் வெறுங்கையோடு வரலாம். அடுத்து, அக்கட்டளை நிலையான விதியாக நீடிக்கவில்லை. பிறர் நேரத்தின் அருமையை மக்கள் உணர்ந்தபின் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

இன்று முன்வைக்கப்படும் கட்டணத் திட்டங்களை இந்த மூன்று உரைகல்லிலும் உரைத்துப் பாருங்கள். பணம் நிறுவனத்துக்குப் போகிறது. ஏழைக்கு விலக்கில்லை; இருந்தாலும் தான் ஏழை என்பதை அவன் யாரிடமோ மெய்ப்பிக்க வேண்டும். ஒருமுறை வருமானம் வரத் தொடங்கிவிட்டால் எந்த நிறுவனமும் அதை விட்டுக்கொடுக்காது. பெறுபவர் விரும்பினால் பணத்தைத் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாடு சற்று மேலானது. ஆயினும் முதலில் பணயம் வைக்கக் கையில் பணமும், அதைச் செலுத்த வங்கிக் கணக்கும் வேண்டுமே!

வெளியே நின்றுவிடுபவர் யார்?

புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் ஒரு தாய் அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரத்தம் வேண்டும். உறவினரிடம் யாரோ ஓர் எண்ணைக் கொடுக்கிறார். அது நம் பள்ளிவாசலைச் சேர்ந்த இளைஞர் ஒருவருடைய எண். அழைப்பவர் ஸ்ரீரங்கத்துக்காரர், இளைஞருக்கு அவரை அறவே தெரியாது. தமிழகமெங்கும் நம் இளைஞர்கள் மதம் பாராமல் இரத்தம் கொடுத்து நற்பெயர் ஈட்டியிருப்பது இத்தகைய அழைப்புகளுக்குச் செவிசாய்த்ததால்தான். அறிமுகமற்ற எண் என்பதற்காக முதலில் பணம் கட்டு என்று இயந்திரம் சொல்லியிருந்தால், அந்நேரத்தில் அவர் எத்தனை எண்களுக்குக் கட்டுவார்?

கல்விக் கட்டணத்துக்காக உதவி தேடும் தாயையும் நினைத்துப் பாருங்கள். கணவரை இழந்தவர். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு நாள் நெருங்குகிறது. நாற்பது அறக்கட்டளைகளுக்கும் செல்வந்தர்களுக்கும் எழுதினால்தான் ஒருவராவது பதில் தருவார். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரூபாய் என்றால் 200 ரூபாய். நிறுவனத்துக்கு அது கணக்கில் வராத தொகை. அவருக்கோ ஒரு நாள் கூலியின் பெரும்பகுதி. பதில் வரும் என்ற உறுதியும் இல்லை. அவர் எழுதாமலே இருந்துவிடுவார். அவர் எழுதவில்லை என்பதும் நமக்குத் தெரியவராது. இந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது என்பதே இதன் கொடுமை.

அபஸ அத்தியாயம் அருளப்பட்ட பின்னணியை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கற்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் மார்க்கத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து இடையே கேள்வி கேட்டார்கள். அண்ணலார் முகம் சுளித்துத் திரும்பியதை அல்லாஹ் உணர்த்தித் திருத்தினான். தேடி வந்தவர் ஏழை. உள்ளே இருந்தவர்கள் செல்வர்கள். வாசலில் ஒரு கட்டணம் இருந்திருந்தால் தலைவர்கள் எளிதில் நுழைந்திருப்பார்கள், உள்ளத்தூய்மையோடு வந்தவர் வெளியே நின்றிருப்பார். அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் சொல்வதை நபி (ஸல்) அவர்கள் இஸ்லாத்தின் சிறந்த செயல்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டதை புகாரியில் காண்கிறோம். அறியாதவரைக் கண்டால் அஞ்சிக் கதவடைக்கும் சமூகம் அந்த நற்செயலை எங்ஙனம் நிறைவேற்றும்?

அனுமதி என்னும் ஒழுங்கு

அப்படியானால் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துவிடுவதா? மார்க்கம் அப்படியும் சொல்லவில்லை. அந்நூர் அத்தியாயத்தின் 27, 28-ஆம் வசனங்கள், பிறர் வீட்டில் அனுமதி பெற்று ஸலாம் கூறாமல் நுழையலாகாது என்கின்றன. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்கின்றன. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்ற நபிமொழியை அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கதவைத் தட்டிய ஜாபிர் (ரலி) அவர்களிடம் யார் என்று கேட்கப்பட்டபோது, 'நான்' என்று மட்டும் அவர்கள் சொன்னதை அண்ணலார் விரும்பவில்லை. வருபவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஆக, தட்டுபவன் தன்னை அறிவிக்க வேண்டும். நோக்கத்தைச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் மனக்கசப்பின்றித் திரும்ப வேண்டும். ஏழையும் செல்வனும் ஒன்றுபோல் பின்பற்றக்கூடிய ஒழுங்கு இது. இதில் காசுக்கு இடமில்லை.

வியப்பென்னவெனில், நாட்டின் சட்டமும் மெல்ல இத்திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2018-இன் டிராய் விதிகளின்படி, வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன் பெயரையும் செய்தியின் வடிவத்தையும் முன்னரே பதிவு செய்ய வேண்டும். 2025-இன் திருத்தத்துக்குப் பின் அனுப்புபவர் பெயரின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து வருகிறது: 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பணப் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு. 'நான்' என்று மட்டும் சொல்லாதே, யாரென்று சொல் என்பதன் இன்றைய வடிவம் இது. பணமின்றியே தொல்லையைக் குறைக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்படுத்தியது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது.

நாம் செய்ய வேண்டியவை

முதலில் நம் வீட்டைப் பாதுகாப்போம். விளம்பர அழைப்புகளும் செய்திகளும் வேண்டாமெனில் 1909 என்ற எண்ணை அழைத்துப் பதிவு செய்யலாம். மீறி வந்தால் அதே எண்ணில் புகாரும் அளிக்கலாம். 140 என்று தொடங்கும் எண்கள் விளம்பரத்துக்கானவை. வங்கி என்று சொல்லிச் சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து யாரேனும் மிரட்டினால் பேச்சை வளர்க்க வேண்டாம். பணம் பறிபோய்விட்டால் நேரத்தை வீணாக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். இவற்றை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் பொறுமையோடு கற்றுக்கொடுப்பதும், ஏமாந்தவரைக் கடிந்துகொள்ளாமல் இருப்பதும் பிள்ளைகளின் கடமை. கடிந்துகொள்வார்கள் என்ற அச்சத்தாலேயே பலர் மறைக்கின்றனர். மறைப்பதால் நேரம் போய்ப் பணமும் போகிறது.

இரண்டாவதாக, அனுப்பும்போது நாமும் அந்த ஒழுங்கைப் பேணுவோம். அறியாத ஒருவருக்கு எழுதும்போது ஸலாத்துடன் பெயர், ஊர், எண்ணைக் கொடுத்தவர் யார், தேவை என்ன என்பதை முதல் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். பதில் இல்லையேல் மூன்று முறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ரமளானில் ஸகாத் கோரும் நம் அமைப்புகள், கேளாத எண்களையெல்லாம் குழுக்களில் சேர்ப்பதும் அனுமதியின்றி நுழைவதே. நற்செயலுக்காக என்பதால் அது ஆகுமானதாகிவிடாது. உறுதி செய்யாத செய்தியைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்புபவரும் பிறர் நேரத்துக்கு விலை கொடுக்காதவரே.

மூன்றாவதாக, ஒவ்வொரு ஜமாஅத்தும் அறிமுகமற்றவர்களுக்கென்றே ஓர் எண்ணை வைத்து, அதைப் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் எழுதி, பொறுப்பான ஒருவரை அதைப் பார்க்க அமர்த்தலாம். நூறு குப்பைச் செய்திகளுக்கிடையே ஒரு மெய்யான தேவை இருக்கும். அதைக் கண்டெடுக்க மனிதக் கண் வேண்டும். தனிமனிதர் ஒவ்வொருவரும் தம் கதவைச் சற்று இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் ஊரில் ஒரு கதவாவது காசு கேளாமல் திறந்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து இரத்தம் கேட்டு அழைப்பவரும், மகளின் படிப்புக்காக எழுதும் தாயும் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள்.

நம் நேரம் அல்லாஹ் அளித்த அமானிதம். அதைத் திருடுபவரிடமிருந்து காப்பதும், தேவையுடன் வருபவருக்கு அதிலிருந்து கொடுப்பதும் நம் கடமைகளே. இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுப்பை ஐந்து ரூபாயிடமோ ஐம்பது பைசாவிடமோ ஒப்படைத்துவிட முடியாது. அதற்குரிய நல்லறிவையும் விரிந்த உள்ளத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.